ஒரு தட்டுப் போய்விட்டது, இன்னொன்று எச்சரிக்கிறது: எதை முதலில் தொடுவது?

மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராகப் பணிபுரியும் சகோதரி ஒருவர் ஐந்து பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். சங்கத்தின் பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

கணினிப் பயிற்சி நெறி ஒன்றை முடித்தவர் என்பதால் அலுவலகத்துச் சேர்வரும் அவருடைய பொறுப்பாகிவிட்டது. கிராமிய வங்கியின் சேமிப்புக் கணக்குகள், அடகுப் பதிவேடு, அங்கத்தவர்களின் பங்குக் கணக்கு, விற்பனை நிலையங்களின் இருப்பு ஆகிய எல்லாம் அந்த ஒரே சேர்வரில் இருக்கின்றன. அது வாங்கி ஏழு வருடங்கள் ஆகின்றன. முன்பக்கம் இழுத்தெடுக்கக்கூடிய நான்கு வன்தட்டுகள். ஒவ்வொன்றும் 2 டெராபைட். நான்கும் சேர்ந்து, பல தட்டுகளை ஒரே தொகுதியாக்கும் ரெய்ட் 5 முறையில் இணைக்கப்பட்டவை. இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு தட்டின் விளக்கு செம்மஞ்சளாக மாறியது. மேலாண்மைத் திரையைத் திறந்து பார்த்தபோது, ஸ்லொட் 2இல், அதாவது அந்த இலக்கமுள்ள செருகுமிடத்தில், உள்ள தட்டு செயலிழந்துவிட்டது என்றும், ஸ்லொட் 0இல் உள்ளது செயலிழக்கக்கூடும் என்றும் காட்டியது. சேர்வர் இன்னும் இயங்குகிறது, ஆனால் மிகவும் மெதுவாக.

கடையிலிருந்து வந்த தொழில்நுட்பவியலாளர், "சேர்வரை நிறுத்திவிட்டுக் கெட்டுப்போனதை இழுத்தெடுத்து, ஏதாவது ஒரு 2 டெராபைட் தட்டைப் போடுங்கள், தானாகச் சரியாகிவிடும்" என்றிருக்கிறார். ரெய்ட் இருக்கும்போது காப்புப் பிரதிக்கு ஏன் செலவழிக்க வேண்டும், பாவித்த தட்டு ஒன்றை மலிவாக வாங்கலாமே என்பது பொது முகாமையாளரின் எண்ணம். கடைசிக் காப்புப் பிரதி மூன்று மாதங்களுக்கு முன் ஒரு எக்ஸ்டேர்னல் டிஸ்க்கில் எடுக்கப்பட்டது. அதை யாரும் திறந்து பார்த்ததில்லை. சித்திரைப் புத்தாண்டு நெருங்குகிறது, நகை மீட்கச் சனங்கள் வரிசையில் நிற்பார்கள். இதற்கிடையே, தரவு அழிந்தால் தானே பொறுப்பு என்று ஒரு கடிதத்தில் கையொப்பமிடச் சொல்கிறார்கள். "என் கை பட்டு ஒரு ஏழைப் பெண்ணின் நகைக் கணக்கு அழிந்துபோனால் நான் என்ன செய்வேன்?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

இந்த இரண்டு வாரத்தில் அந்த ஸ்லொட்டில் கை வைக்காமல், எழுதிக் கேட்டுக் காத்திருந்தீர்களே, அதுதான் சரியான செயல். கெட்டுப்போன தட்டு இனிமேல் கெடுவதற்கு எதுவுமில்லை. நல்ல நிலையில் மிஞ்சியிருப்பவற்றை நம் அவசரமே கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போதுள்ள வேலை. தட்டை மாற்றுவது பத்து நிமிடக் கைவேலை. அந்தப் பத்து நிமிடத்துக்கு முன் செய்ய வேண்டியவற்றுக்கு இரண்டு மூன்று நாட்கள் தேவைப்படும். என் ஆலோசனையில் பெரும் பகுதி அந்த நாட்களைப் பற்றியதாகவே இருக்கும்.

உங்கள் சேர்வருக்குள் இப்போது நடப்பதை உங்கள் தொழிலிலிருந்தே ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். பேரேட்டில் ஒரு வரியில் மூன்று தொகைகளை எழுதி, நான்காவது கட்டத்தில் கூட்டுத்தொகையைப் போடுகிறீர்கள். மூன்றில் ஒன்றில் மை கொட்டினாலும் கூட்டுத்தொகையிலிருந்து மற்ற இரண்டையும் கழித்து அதைக் கண்டுபிடித்துவிடலாம். கூட்டுத்தொகையே அழிந்தால் திரும்பவும் கூட்டிக்கொள்ளலாம். ரெய்ட் 5 செய்வது ஏறத்தாழ இதுதான். கூட்டலுக்குப் பதிலாக வேறொரு எளிய கணிதத்தைப் பயன்படுத்துகிறது. கூட்டுத்தொகைக் கட்டமும் எப்போதும் ஒரே தட்டில் இல்லாமல் நான்கிலும் மாறி மாறி அமைகிறது. அதனால்தான் நான்கு தட்டு வாங்கியும் மூன்று தட்டின் அளவு, அதாவது 6 டெராபைட், மட்டுமே உங்களுக்குக் கிடைக்கிறது. ஒரு கட்டம் அழிந்த நிலையில், அந்தக் கட்டத்தில் இருந்த விவரம் கேட்கப்படும்போதெல்லாம் சேர்வர் மற்ற மூன்றையும் வாசித்துக் கணக்குப் போட்டுப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வேகம் குறைந்தது இதனால்தான்.

அதே வரியில் இரண்டு கட்டங்கள் அழிந்தால் எந்தக் கழித்தலும் உதவாது. ஸ்லொட் 2 போய்விட்ட நிலையில் ஸ்லொட் 0உம் நின்றுவிட்டால் 6 டெராபைட்டும் ஒரே கணத்தில் போய்விடும். நீங்கள் நிற்கும் இடம் அதுதான். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இனி வரும் ஒவ்வொரு வரிசைமுறையும் ஏன் அப்படி அமைகிறது என்பது இதிலிருந்துதான் விளங்கும்.

ரெய்ட் காப்புப் பிரதி அல்ல

முகாமையாளரின் எண்ணம் அவருடையது மட்டுமல்ல, நான் போகும் அலுவலகங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் இதைக் கேட்கிறேன். அவரோடு வாதாடாமல் விளக்கிச் சொல்லுங்கள். 1988இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரண்டி காட்ஸ் ஆகிய மூவரும் ரெய்ட் என்ற பெயரைத் தந்த ஆய்வுக் கட்டுரையை எழுதினார்கள். விலை உயர்ந்த ஒரு பெரிய தட்டுக்குப் பதிலாக மலிவான பல சிறிய தட்டுகளைச் சேர்த்துப் பாவிக்கலாம் என்பதும், எண்ணிக்கை கூடும்போது ஏதாவது ஒன்று பழுதாகும் வாய்ப்பும் கூடுவதால் அதைத் தாங்கிக்கொள்ள ஒரு மேலதிக ஏற்பாடு வேண்டும் என்பதும் அவர்களுடைய வாதம். தட்டு ஒன்று நின்றாலும் வேலை நிற்காமல் தொடர்வதற்கான ஏற்பாடு அது. யாராவது ஒரு பதிவைத் தவறுதலாக அழித்தால் நான்கு தட்டுகளிலும் அது உடனே அழியும். கப்பம் கேட்கும் வைரஸ் ஒன்று கோப்புகளைப் பூட்டினால் நான்கிலும் பூட்டும். இடி விழுந்து மின்வழங்கி எரிந்தாலோ, கூரை ஒழுகிப் பெட்டி நனைந்தாலோ நான்கும் சேர்ந்தே பாதிக்கப்படும். காப்புப் பிரதி என்பது வேறொரு பொருளில், வேறொரு இடத்தில், திறந்து பார்த்துச் சரிபார்க்கப்பட்டு இருப்பது.

ஆகவே முதல் வேலை தட்டு வாங்குவது அல்ல, இன்றைய தரவை வெளியே எடுப்பது. இரண்டு புதிய எக்ஸ்டேர்னல் டிஸ்க்குகளை வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இழுக்க முயலாதீர்கள். நோயாளித் தட்டு எந்த வாசிப்போடு நிற்கும் என்று சொல்ல முடியாது, ஆகவே இழக்கவே முடியாததை முதலில் எடுங்கள்: கணக்குத் தரவுத்தளம், அடகுப் பதிவேடு, பிறகு அங்கத்தவர் விவரம், அதன்பின் ஸ்கான் செய்த படிவங்கள், கடைசியில் பழைய வருடங்களின் அறிக்கைகள். தரவுத்தளம் இயங்கிக்கொண்டிருக்கும்போது அதன் கோப்புகளை வெறுமனே பிரதி செய்தால், பாதி எழுதப்பட்ட நிலையில் வந்து பிறகு திறக்காமற் போகலாம். உங்கள் கணக்கு மென்பொருளில் உள்ள காப்புப் பிரதி வசதியையே பயன்படுத்துங்கள், அல்லது அலுவலக நேரம் முடிந்ததும் அந்தச் சேவையை மட்டும் நிறுத்திவிட்டு எடுங்கள்.

எடுத்த பிறகு அதே சேர்வரில் அல்லாமல் வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். பத்துப் பன்னிரண்டு கணக்குகளின் மீதியை அச்சிட்ட பேரேட்டோடு ஒப்பிடுங்கள். அடகில் நேற்றைய கடைசிப் பற்றுச்சீட்டு இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று மாதம் பழைய அந்தப் பிரதியையும் இதே முறையில் திறந்து பாருங்கள், ஆனால் அழித்து மேலே எழுதாதீர்கள். இப்போதைக்கு அதுவும் ஒரு சொத்து.

இது முடியும்வரை சேர்வரை நிறுத்த வேண்டாம். ஏழு வருடம் சுழன்றுகொண்டே இருந்த தட்டுகள் ஒருமுறை ஆறி நின்றால் மறுபடி சுழல மறுப்பதைப் பல தடவை கண்டிருக்கிறேன். யூபிஎஸ் பற்றரி நல்ல நிலையில் இருக்கிறதா என்பதையும் இன்றே உறுதிசெய்யுங்கள். ஒரு மின்வெட்டு உங்களுக்காக அந்த முடிவை எடுத்துவிடக் கூடாது.

எந்தத் தட்டை வாங்குவது

"ஏதாவது ஒரு 2 டெராபைட்" என்ற சொல்லில்தான் அதிக ஆபத்து இருக்கிறது. பழைய தட்டின் மேல் ஒட்டியிருக்கும் தாளைப் படமெடுக்க ஸ்லொட்டை இழுக்க வேண்டியதில்லை. மேலாண்மைத் திரையிலேயே மாதிரி இலக்கம், தொடர் இலக்கம், இணைப்பு வகை எல்லாம் இருக்கும். இணைப்பு சாஸ் வகையா சாட்டா வகையா என்று பாருங்கள். சாட்டா தட்டு சாஸ் சேர்வரில் பொருந்தக்கூடும், ஆனால் சாஸ் தட்டு சாட்டா இணைப்பில் பொருந்தாது. பொருந்தினாலும் ஒரே தொகுதியில் இரண்டையும் கலக்க வேண்டாம். கொள்ளளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். சிறிதளவு குறைந்தாலும், தட்டுகளை ஒன்றிணைத்து நடத்தும் பகுதியான கொன்ட்ரோலர் ஏற்காது. 2 டெராபைட் கிடைக்காவிட்டால் 4 டெராபைட் வாங்குங்கள். மேலதிக இடம் இப்போதைக்குப் பயன்படாது, அவ்வளவுதான். தட்டில் தரவு பதியும் சிறு பகுதியான செக்டரின் அளவும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும் என்று சில கொன்ட்ரோலர்கள் எதிர்பார்க்கும் என்பதால், மாதிரி இலக்கத்தைக் கொடுத்துக் கேட்டு வாங்குவது நல்லது.

வீட்டுக் கணினிக்கான தட்டை ஏன் போடக்கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, வாசிக்க முடியாத ஓர் இடத்தைச் சந்தித்தால் வீட்டுத் தட்டு திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும். சில வேளை ஒரு நிமிடத்துக்கும் மேலாகும். தனி ஒரு தட்டாக இருக்கும்போது அது நல்ல குணம். ஆனால் ரெய்ட் கொன்ட்ரோலர் அவ்வளவு நேரம் காத்திராது. பதில் வரவில்லை, தட்டு செத்துவிட்டது என்று முடிவுசெய்து வெளியே தள்ளிவிடும். சேர்வருக்கான தட்டுகள் ஏழு செக்கன் அளவில் முயற்சியை நிறுத்தி, முடியவில்லை என்று சொல்லிவிடும். மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு எடுப்பதைக் கொன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது, இன்றைய மலிவுத் தட்டுகள் பலவற்றில் பதிவுத் தடங்கள் கூரைக்கு ஓடு வேய்வதுபோல் ஒன்றின் மேல் ஒன்று சற்று ஏறி அமைந்திருக்கின்றன. நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் அடுத்தடுத்த ஓடுகளையும் கழற்றிப் பூட்ட வேண்டியதைப்போல, அவற்றில் தொடர்ச்சியாக எழுதும்போது வேகம் படுத்துவிடும். போன தட்டின் தரவைக் கணக்கிட்டுப் புதியதில் எழுதும் மீளக்கட்டல் வேலை முழுவதும் தொடர் எழுத்துத்தான். வாங்கும்போது, ஓடு வேய்ந்த முறையல்லாத வழமையான பதிவுமுறைத் தட்டுத்தான் வேண்டும் என்று எழுத்திலேயே கேளுங்கள். விலைக்கோரலில் மாதிரி இலக்கம் இல்லாவிட்டால் அதை ஏற்க வேண்டாம்.

பாவித்த தட்டு வேண்டாம். அது எத்தனை வருடம், எந்த வெப்பத்தில், எந்தக் கூடத்தில் சுழன்றது என்பது யாருக்கும் தெரியாது. ஒரு நோயாளியை மாற்றி இன்னொரு நோயாளியை வைக்க ஆறு டெராபைட்டைப் பணயம் வைப்பது சிக்கனமல்ல. இரண்டு புதிய தட்டுகளாக வாங்குங்கள். ஏன் இரண்டு என்பது கீழே வரும்.

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வருமென்றால் உற்பத்தியாளரின் அதிர்ச்சி தாங்கும் உறையோடு வரட்டும். பொதிகளுக்கு இடையே செருகாமல் யாராவது மடியில் வைத்துக் கொண்டுவருவது நல்லது. குளிரூட்டிய பஸ்ஸிலிருந்து நம் வாவிக்கரை ஈரக்காற்றுக்கு வரும் தட்டின் உள்ளும் புறமும் ஈரம் படியக்கூடும் என்பதால், உறையைப் பிரிக்காமல் சேர்வர் அறையிலேயே ஒரு முழு நாள் வையுங்கள். இணைப்பு வகை ஒத்துவந்தால் வேறொரு கணினியில் பொருத்தி முழுமையான சுயபரிசோதனையையும் ஓடவிடுங்கள். அதற்குச் சில மணித்தியாலங்கள் ஆகும். புதியது என்பதாலேயே நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மாற்றும் நாள்

சனிக்கிழமை மாலை, அலுவலகம் மூடிய பிறகு தொடங்குங்கள். பங்குனி, சித்திரையில் பின்னேர இடிமழை வழமை என்பதால் வானத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மீளக்கட்டல் ஓடும்போது மின்னல் அடித்துக்கொண்டிருக்கக் கூடாது. தொடங்குமுன் அன்றைய காப்புப் பிரதியை மறுபடி எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி அறைக்கு வெளியே கொண்டுபோய் வையுங்கள். கொன்ட்ரோலரின் நினைவகத்துக்கான பற்றரி நல்ல நிலையில் இருப்பதாகத் திரை காட்டுகிறதா என்று பாருங்கள். நிகழ்வுப் பதிவேட்டை ஒரு கோப்பாகச் சேமியுங்கள், எல்லாத் திரைகளையும் படமெடுங்கள்.

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் ஓர் அலுவலகத்துக்கு என்னை அவசரமாக அழைத்தார்கள். உங்களுடையதைப் போன்ற நான்கு தட்டுச் சேர்வர். திரையில் ஸ்லொட் 2 என்று இருந்தது. வந்தவர் இடமிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணி இரண்டாவதை இழுத்தார். ஆனால் அந்த இயந்திரத்தின் இலக்கங்கள் பூச்சியத்திலிருந்து தொடங்குகின்றன. அவர் இழுத்தது நல்ல நிலையிலிருந்த ஸ்லொட் 1. தொகுதி அந்தக் கணமே விழுந்தது. அதன்பிறகு பதற்றத்தில் அவர் தட்டை மறுபடி செருகி, திரை கேட்ட கேள்வியை வாசிக்காமலே புதிதாகத் தொடங்கு என்பதை அழுத்திவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது மீட்க மிகக் கொஞ்சமே இருந்தது. முதல் தவறைத் திருத்தியிருக்கலாம், இரண்டாவதைத் திருத்த முடியவில்லை. அந்த அலுவலகத்து இளைஞர் ஒருவர் சுவரோரம் நின்றுகொண்டிருந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. உங்கள் கடிதம் கிடைத்ததும் முதலில் அவர்தான் நினைவுக்கு வந்தார்.

அதனால் எண்ணிப் பார்த்து இழுக்காதீர்கள். மேலாண்மைத் திரையில் குறித்த தட்டின் விளக்கை விட்டுவிட்டு ஒளிரச் செய்யும் வசதி இருக்கும். அதை அழுத்தி, எந்த விளக்கு சிமிட்டுகிறது என்று இருவராகப் பாருங்கள். செம்மஞ்சள் விளக்கை மட்டும் நம்ப வேண்டாம், எச்சரிக்கை நிலையிலுள்ள ஸ்லொட் 0இலும் செம்மஞ்சள் தெரியக்கூடும். திரையில் உள்ள தொடர் இலக்கத்தைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, இழுத்தெடுத்ததும் தட்டின் மேலுள்ள இலக்கத்தோடு ஒப்பிடுங்கள்.

தொழில்நுட்பவியலாளர் சொன்னதற்கு மாறாக, முன்பக்கம் கைபிடியோடு இழுக்கும் வகைச் சேர்வரில் மின்சாரம் இருக்கும்போதே மாற்றுவதுதான் முறை. அதற்காகவே அது அமைக்கப்பட்டிருக்கிறது. (பெட்டியைத் திறந்து கம்பிகளைக் கழற்ற வேண்டிய வகையாக இருந்தால் அவர் சொன்னது சரி, நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய படங்களில் அப்படி இல்லை.) கைபிடியை விடுவித்து, தட்டை ஓர் அங்குலம் மட்டும் வெளியே இழுத்து, ஒரு நிமிடம் அப்படியே விடுங்கள். உள்ளே சுழற்சி இருந்தால் அது அடங்கட்டும். பிறகு முழுவதும் எடுத்து, பழைய தட்டைக் கூட்டிலிருந்து கழற்றிப் புதியதை அதே கூட்டில் திருகிப் பூட்டி, தடங்கலின்றி இறுதிவரை தள்ளிக் கைபிடியை மூடுங்கள்.

ஓரிரு நிமிடங்களில் மீளக்கட்டல், நாம் ரீபில்ட் என்று சொல்வது, தானாகத் தொடங்கும். தொடங்காவிட்டால் திரையில் அந்தப் புதிய தட்டைத் தெரிவுசெய்து மாற்றுத் தட்டாக அறிவிக்க வேண்டியிருக்கும். எந்தக் கட்டத்திலாவது இனிஷியலைஸ், கிளியர், கிரியேட் என்ற சொற்களில் ஏதாவது ஒன்று எதிரே வந்தால் கையை எடுத்துவிடுங்கள். அந்நியத் தட்டு என்று பொருள்படும் ஃபொரின் என்ற சொல் வந்தாலும் அப்படியே. திரையைப் படமெடுத்து, இந்த வேலை தெரிந்த ஒருவரைக் கேட்கும்வரை ஒன்றும் அழுத்தாமல் விட்டால் எதுவும் குறைந்துபோகாது.

2 டெராபைட் தட்டை செக்கனுக்கு 100 முதல் 150 மெகாபைட் வேகத்தில் நிரப்ப நான்கு முதல் ஆறு மணித்தியாலங்கள் போதும். பழைய தட்டுகள், பழைய கொன்ட்ரோலர் என்பதால் ஞாயிறு மதியம்வரை போனாலும் ஆச்சரியமில்லை. அந்த நேரத்தில் யாரும் கணக்குப் பார்க்க வேண்டாம். அறை குளிராக இருக்கட்டும். உங்களில் ஒருவர் மணிக்கொருமுறை திரையைப் பார்த்தால் போதும், உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

மீளக்கட்டல் நடுவில் நின்றுவிடுமா?

ரெய்ட் 5ஐ மீளக்கட்டவே முடியாது, கட்டாயம் தோற்கும் என்று எங்கோ வாசித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது மிகைப்படுத்தல். சாதாரணத் தட்டுகளின் விவரக் குறிப்பில், 100 டிரில்லியன் பிற்றுகளை வாசிக்கும்போது ஒன்றுக்கு மேல் வாசிக்க முடியாமற் போகாது என்ற அளவு கொடுக்கப்பட்டிருக்கும். அது 12.5 டெராபைட். சேர்வர் வகைத் தட்டுகளில் பொதுவாக இதைவிடப் பத்து மடங்கு நல்ல அளவைத் தருகிறார்கள். உங்கள் தொகுதியில் மிஞ்சிய மூன்று தட்டுகளிலிருந்தும் சேர்த்து 6 டெராபைட்டை வாசிக்க வேண்டும். அந்த அளவு உற்பத்தியாளர் தரும் மேல்வரம்புதான், ஆரோக்கியமான தட்டுகள் அதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. ஆகவே கட்டாயம் தோற்கும் என்பதும் தவறு, தானாகச் சரியாகிவிடும் என்பதும் தவறு. உங்கள் விஷயத்தில் உண்மையான கவலை ஸ்லொட் 0 தான்.

2007இல் கூகுள் பொறியியலாளர்கள் தங்களுடைய மிகப் பெரிய தட்டுத் தொகையை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், மேற்பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழையைக் காட்டிய தட்டுகள், அப்படிக் காட்டாதவற்றைவிட அடுத்த 60 நாட்களில் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அதே கட்டுரையில் இன்னொன்றும் உண்டு: செயலிழந்த தட்டுகளில் 56 சதவீதத்துக்கும் மேற்பட்டவை, மிக வலுவான நான்கு எச்சரிக்கை அடையாளங்களில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. எச்சரிக்கை வந்தால் நம்புங்கள். எச்சரிக்கை வராத ஸ்லொட் 1, 3 ஆகியவற்றை அதற்காக ஆரோக்கியமானவை என்று நம்பிவிட வேண்டாம். நான்கும் ஒரே நாளில் வாங்கி ஒரே பெட்டியில் ஒரே அளவு உழைத்தவை.

அதனால்தான் இரண்டு தட்டு வாங்கச் சொன்னேன். ஸ்லொட் 2 முழுமையாகக் கட்டி முடிந்து, தொகுதி நலமாக இருக்கிறது என்று திரை சொல்லி, கூட்டுத்தொகைக் கட்டங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கும் ஒத்திசைவுச் சோதனை ஒன்றையும் பிழையின்றி ஓட்டிய பிறகே, அடுத்த வார இறுதியில் ஸ்லொட் 0ஐ இதே முறையில் மாற்றுங்கள். இந்த வரிசை மாறவே கூடாது. ஸ்லொட் 2 கட்டி முடியுமுன் ஸ்லொட் 0ஐ இழுப்பது தொகுதியை நீங்களே கொல்வதாகும்.

காப்புப் பிரதி எடுக்கும்போதே ஸ்லொட் 0 தடுமாறத் தொடங்கினால், வாசிப்புப் பிழைகள் வரிசையாக வந்தால், மீளக்கட்டலையே கைவிடுங்கள். எடுத்ததை வைத்துக்கொண்டு, புதிய தட்டுகளில் புதிய தொகுதி ஒன்றை அமைத்துக் காப்புப் பிரதியிலிருந்து மீட்பதுதான் அப்போது பாதுகாப்பான வழி. வேலை இரண்டு நாள் நிற்கும். அந்த இரண்டு நாளும் கையெழுத்துப் பேரேட்டில் ஓட்டலாம், உங்கள் மூத்த ஊழியர்களுக்கு அது பழக்கமானதுதான். எப்படியானாலும் வருட இறுதிக்குள் இந்தச் சேர்வருக்கு ஓய்வு கொடுத்து, ஒரே நேரத்தில் இரண்டு தட்டு போனாலும் தாங்கும் ரெய்ட் 6 அமைப்புக்குப் போகும்படி பணிப்பாளர் சபைக்குப் பரிந்துரையுங்கள்.

கையொப்பமும் பொறுப்பும்

அந்தக் கடிதத்தில் கையொப்பமிட வேண்டாம். நான் சட்டத்தரணி அல்ல. ஆனால் தட்டின் வயதுக்கும், வாங்காத காப்புப் பிரதிச் சாதனத்துக்கும், மூன்று மாத இடைவெளிக்கும் ஓர் எழுதுவினைஞர் தனியே பொறுப்பேற்பது நியாயமல்ல என்பது இந்தத் துறையில் உள்ள எவருக்கும் தெரியும். மறுப்பை மட்டும் சொல்லிவிட்டு நிற்காமல், அதற்குப் பதிலாக நீங்களே ஒரு குறிப்பு எழுதிக் கொடுங்கள். இன்ன திகதியில் இன்ன தட்டு செயலிழந்தது, இன்னது எச்சரிக்கை நிலையில் உள்ளது, காப்புப் பிரதியின் திகதி இது, தேவையான பொருட்களும் அவற்றின் விலையும் இவை, இந்த முறையில் செய்யலாம், தாமதித்தால் இந்த ஆபத்து உண்டு என்று ஒரு பக்கத்துக்குள். திரைப் படங்களை இணையுங்கள். முகாமையாளரின் எழுத்துமூல அனுமதியோடு, வேலை நடக்கும்போது இன்னொருவர் உடனிருக்க வேண்டும் என்றும் கேளுங்கள். ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான முகாமையாளர்கள் பயத்தினால்தான் அப்படிப்பட்ட கடிதத்தைக் கேட்கிறார்கள். தெளிவான திட்டம் ஒன்று கையில் வந்தால் அந்தப் பயம் அடங்கிவிடும் என்பது என் அனுபவம்.

வாங்கிய எக்ஸ்டேர்னல் டிஸ்க்குகள் இரண்டும் பிறகு வீணாகாது. ஒன்று தலைமை அலுவலகத்தில் இரும்புப் பெட்டகத்தில் இருக்கட்டும். மற்றது வாரமொருமுறை கைமாறி வாவியின் மறுபக்கம் போகட்டும். உங்கள் தலைமை அலுவலகம் எழுவான்கரையில் இருக்கிறது. படுவான்கரையில் ஒரு கிளை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 2004 கடல்கோளில் கரையோர அலுவலகங்கள் எத்தனை பதிவேடுகளை இழந்தன என்பதை நம்மவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2011 ஜனவரி வெள்ளம் படுவான்கரையையும் விட்டுவைக்கவில்லை, 1978 நவம்பர் சூறாவளி இரு கரையையும் பார்த்துத்தான் போனது. ஆகவே மறைகுறியிட்டுப் பூட்டிய மூன்றாவது பிரதி ஒன்று மாவட்டத்துக்கு வெளியே இருப்பதையும் காலப்போக்கில் ஏற்பாடு செய்யுங்கள். கடவுச்சொல்லை முகாமையாளரும் நீங்களும் தனித்தனியே மூடிய உறையில் வைத்திருக்க வேண்டும்.

கடைசியாக, பழைய தட்டைக் கொடுத்தால் விலையில் கழிவு தருவதாகக் கடைக்காரர் சொன்னது பற்றி. கொடுக்க வேண்டாம். நான்கில் ஒரு தட்டைத் தனியே எடுத்தால் அதில் வாசிக்கக்கூடியது எதுவும் இராது என்பது பலருடைய நம்பிக்கை. தரவு சிறு சிறு துண்டுகளாகத்தான் பிரித்து எழுதப்படுகிறது, ஆனால் அந்தத் துண்டு பெரும்பாலும் 64 கிலோபைட் அல்லது அதற்கும் மேல். ஒரே துண்டுக்குள் நூற்றுக்கணக்கான பெயர்களும் அடையாள அட்டை இலக்கங்களும் அடகுத் தொகைகளும் அப்படியே முழுதாக அடங்கும். யார் எந்த நகையை எவ்வளவுக்கு வைத்தார் என்பது ஒரு குடும்பத்தின் மானம் சம்பந்தப்பட்ட விஷயம். ஆளுக்குரிய தரவுகளைப் பாதுகாப்பதற்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது; அது படிப்படியாக நடைமுறைக்கு வரும்படி அமைக்கப்பட்டது, உங்கள் சங்கம் இப்போதே அதற்குத் தயாராவது நல்லது.

இழுத்தெடுத்த இரண்டு தட்டுகளின் மேலும் திகதி, ஸ்லொட் இலக்கம், காரணம் ஆகியவற்றை எழுதி ஒட்டி, ஒரு மாதம் பெட்டகத்தில் வையுங்கள். புதியவை நிலைபெற்று, மாத முடிவுக் கணக்கு ஒருமுறை பிழையின்றி ஒத்துவந்த பிறகு, முகாமையாளரும் இன்னொரு அலுவலரும் பார்த்திருக்க, இரும்பு வேலை செய்யும் பட்டறை ஒன்றில் தட்டின் உடலின் குறுக்கே மூன்று நான்கு இடங்களில் துளைபோடச் சொல்லுங்கள். உள்ளே உள்ள வட்டுகள் எல்லாவற்றையும் துளை கடந்திருக்கிறதா என்று பாருங்கள். தொடர் இலக்கங்களோடு அதையும் ஒரு தாளில் எழுதி, மூவரும் கையொப்பமிட்டு, சேர்வர் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.